பதிவேட்டில் இல்லாத ஐந்து மாதம்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவரை அந்தப் பக்கத்துத் தெருக்களில் எல்லோரும் ‘மீட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர். ஒரு லிட்டர் கூட்டி எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். “இந்த ஆளு கனவு கண்டாக்கூட ரெண்டு தடவை சரிபார்த்துட்டுதான் முழிப்பாரு” என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

அப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறினார். அதுவும் தங்கைக்காக.

புருஷனை இழந்த தங்கை, மகளோடு ஆறாவது தெருவில் குடிவந்தாள். அந்த வீட்டில் குழாய் கிடையாது. இரண்டு தெரு தள்ளியிருந்த கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். இணைப்புக்கு மனு போட்டால் வரிசை அனுமார் வால் போல நீண்டு கிடந்தது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரே பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, இணைப்புக் கொடுத்துவிட்டார். முதல் தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததும், பதினொரு வயது மருமகள் ஓடிவந்து குழாயடியில் தலையை நீட்டினாள். நனைந்த கோழி மாதிரி நின்று சிரித்தாள். அனுமதிக் கடிதம் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. பதிவேட்டில் இணைப்புக் கொடுத்த நாளாக அந்தக் கடிதத்தின் தேதியையே எழுதினார்.

தண்ணீரில் லேசாக மஞ்சள் தட்டியபோது, பழைய குழாயின் துரு என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவரும் நம்பினார், கேட்டவர்களுக்கும் அதையே சொன்னார். பிறகுதான் தெரிந்தது. உலோகத்துக்கு முலாம் பூசும் ஆலை, கழிவை எல்லாம் பின்பக்கக் குழியில் கொட்டியிருந்தது. அது மண்ணுக்குள் இறங்கி, ஊருக்கே தண்ணீர் கொடுத்த ஆழ்துளைக் கிணற்றில் கலந்திருந்தது. ஆலையை மூடினார்கள், கிணற்றையும் மூடினார்கள். அதற்குள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. மருமகளுக்கும்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று.

பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடும் இலவச சிகிச்சையும் கொடுக்க ஒரு குழு வந்தது. அந்தத் தண்ணீரை முழுதாக இரண்டு வருஷம் குடித்ததாகப் பதிவேடு சொன்னால்தான் மனுவை எடுப்பார்கள். மீட்டர் தன் வேலை முடிந்ததும் நூலகத்து மேஜையில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் இணைப்புத் தேதியைத் தேடி எடுத்து மனு எழுதிக்கொடுத்தார். மனுக்கள் ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டன. மருமகளின் மனு மட்டும் திரும்பி வந்தது. பதிவேட்டின்படி அவள் குடித்தது இருபது மாதம்தானாம்.

தங்கை கடிதத்தை மடித்து வைத்தாள். “விடுண்ணே. நீ உண்மையைச் சொன்னா உன் வேலை போயிடும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு?”

அவர் மறுநாள் காலையில் குழுவின் அதிகாரி முன்னால் போய் நின்றார்.

அதிகாரி அவர் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அனுமதி இல்லாம இணைப்புக் கொடுத்தது பெரிய தப்புங்க.”

“தப்புதான் சார். ஆனா அந்தப் பொண்ணு அஞ்சு மாசம் குடிச்சது பொய் இல்ல. என் கையாலதான் குடுத்தேன்.”

வேலை போயிற்று. விசாரணை, சரிபார்ப்பு, மறுவிசாரணை என்று மனு ஒன்பது மாதம் மேஜை மேஜையாக ஏறி இறங்கியது. வேலையில்லாத மீட்டர் தினமும் மருத்துவமனையில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சின்ன டம்ளரில் அளந்துதான் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவரே அளந்து ஊற்றுவார்.

“மாமா, குழாய் போட்ட அன்னிக்கு நான் ஒரு சொம்பு முழுக்க ஒரே மூச்சுல குடிச்சேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்குடா கண்ணு.”

“ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா. நீங்க வருத்தப்படாதீங்க.”

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். பதினைந்து வயதுகூட நிறையவில்லை. தங்கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். “நீதானேண்ணே குழாய் போட்ட! நான் குடம் தூக்கிட்டே இருந்திருப்பேனே!” அதற்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. என்னவென்று சொல்வது? அவர் நெஞ்சு ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்ததையே அவளும் கேட்டாள்.

பதினோராம் நாள் தங்கை அவர் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கவர். மனு ஏற்கப்பட்டது, பயனாளி நேரில் வரவும் என்று மருமகள் பேருக்கு வந்திருந்தது.

“எனக்குத் தனியாப் போக முடியலண்ணே” என்றாள்.

இருவரும் சேர்ந்து போனார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “பயனாளி எங்கே? அவங்க நேர்ல வரணுமே.”

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ இல்ல சார்” என்றார் மீட்டர். “நாங்கதான் வந்திருக்கோம்.”

குமாஸ்தா எழுந்தார். வெளியே வந்து இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு வாரிசுக்கான படிவத்தைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி நீட்டினார். தங்கை எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

“இறந்தவருக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கு. என்னண்ணே எழுதணும்?”

“தாய்னு எழுதும்மா.”

அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு, அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நஷ்டஈடு வந்து சேர்ந்தது. தங்கை அதை இன்னும் தொடவில்லை. அவரும் கேட்கவில்லை.