சட்டிக்கு மூன்று மாற்று வழிகள்

அமெரிக்காவின் மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்லீனோடு தங்கை ஆர்டிஸுக்கு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அம்மாவின் இரும்புச் சட்டியை ஆர்டிஸ் எடுத்துப்போனதில் மூண்ட சண்டை. வெர்லீன் போன் செய்தால் எடுப்பதில்லை, கதவைத் தட்டினால் திறப்பதில்லை.

ஆனால் ஆர்டிஸுக்கு வன அலுவலகத்தில் வேலை. அரசுக்குச் சொந்தமான மலையில் பனிச்சறுக்குத் தளத்தை விரிவாக்கும் திட்டம் பற்றி மக்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையில் பதில் தந்தே ஆகவேண்டும். சட்டம் அப்படி.

வெர்லீன் எழுதினாள்: "ஆட்களை மலையேற்றும் புது லிஃப்டால் காட்டுப்பூனைகள் இடம்பெயரும். மேலும், அம்மாவின் சட்டி எங்கே?"

"அக்கா, இது சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் போற கடிதம்!" என்றான், அதை வாங்கிப் படித்த தபால்காரன் ஹாய்ட்.

"சட்டியும் சூழல்தாண்டா. அதுல சுட்ட பான்கேக் இல்லாம என் ஞாயித்துக்கிழமையே பாழாப்போச்சு."

ஐந்து மாதத்தில் அறுநூறு பக்க அறிக்கை வந்தது. வெர்லீன் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனாள்.

"கடிதம் 87. காட்டுப்பூனைக்கு மூன்றாம் அத்தியாயம் காண்க. சட்டி குறித்து ஆராய்ந்த வழிகள்: ஒன்று, எதுவும் செய்யாதிருத்தல். இரண்டு, ஆளுக்கு ஆறு மாதம். மூன்று, கடிததாரர் ஞாயிறு காலை நேரில் வந்து, அதில் சுட்ட பான்கேக்கைச் சாப்பிடுதல். அலுவலகத்தின் பரிந்துரை, மூன்று."

"பாத்தியாடா, வாயத் தொறந்துட்டா!"

"லிஃப்ட் என்னாச்சுக்கா?"

"அத யாருடா கேட்டா?"

ஞாயிறன்று வெர்லீன் ஹக்கிள்பெரி ஜாமோடு கிளம்பினாள். அறிக்கையை ஆட்சேபிக்க இன்னும் நாற்பது நாள் அவகாசம் இருந்ததால், பான்கேக் சரியில்லாவிட்டால் கொடுப்பதற்கென்று ஒரு மனுவையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.