கார்பெற்றில் கிடந்த மடம்

அந்தத் தவறை நான் முழு மரியாதையோடுதான் செய்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம். நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டுக் கார்பெற் முழுக்க எழுதிய தாள்கள் கிடந்தன. என் கணவரின் தங்கை, பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்த சுமதி, குளித்துக்கொண்டிருந்தாள். கால் படுகிற இடத்திலா சரஸ்வதி? ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, மேசையில் அடுக்கினேன்.

தலை துவட்டியபடி வந்தவள் அலறினாள். "அண்ணி! என்ர மடம் எங்கை?"

அயர்லாந்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டி, இப்போது இடிந்து கிடக்கும் மடமொன்றைப் பற்றிய கட்டுரை அது. கோயில், சாப்பாட்டு மண்டபம், துறவிகளைப் புதைத்த சவக்காலை என்று மடத்தின் வடிவிலேயே தாள்களைப் பரப்பியிருந்தாளாம். பக்க எண் கிடையாது. பின்னேரமே கையளிக்க வேண்டும்.

"எந்தப் பக்கத்தாலை பொறுக்கினனீங்கள்?"

"வாசலிலை துவங்கி வரிசையாத்தான். ஒண்டுக்கு மேலை ஒண்டா வைச்சனான்."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப மேலையிருந்து எடுத்து, உள்ளுக்கையிருந்து வைச்சுக்கொண்டு வருவம்."

முழங்காலில் இருந்து இருவரும் வைத்தோம். அரசன் மடத்தை மூடித் துறவிகளைத் துரத்தியதையும், ஊரார் கல்லைக் கழற்றிப்போய் வீடு கட்டியதையும் ஒவ்வொரு தாளாகச் சொன்னாள்.

"நீங்கள் பரவாயில்லை அண்ணி. எல்லாக் கல்லையும் ஒரே இடத்திலை வைச்சிருக்கிறியள்."

கடைசித் தாள் வாசலில் சரியாகப் பொருந்தியபோதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

இன்றும் தாளில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். கேட்காமல் மட்டும் அடுக்குவதில்லை. யாருடைய மடத்தை இடிக்கிறேனோ, யார் கண்டது?