ஸீலா, ஸெஸ்ட்டா?

நேர்முகத் தேர்வு அறைக்குள் விண்ணப்பதாரர் மட்டுமே நுழையலாம். முடிவை ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசாங்க ஊழியத்தில் இருந்தவரை இவ்விரு விதிகளையும் நான் தளர்த்தியதில்லை. நாங்கள் மிஸ்ஸி என்று சொல்லும் நர்ஸ் வேலைப் பயிற்சிக்காக எங்கள் அக்கா நேர்முகத் தேர்வுக்குப் போனபோது இரண்டுமே விடுமுறையில் இருந்தன.

வேலை கிடைக்காவிட்டால் தை முடிவதற்குள் பாலிங் ஊர் மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்றிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அக்கா அந்த மாப்பிள்ளையைப் பார்த்திருந்தாள். அதனால் ஒழுங்காகப் படித்தாள். பீடோங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாய்மாமா அவளைத் தயார் செய்தார். ஆங்கிலத்தின் கடைசி எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்களில் அவர் குறியாக இருந்தார்.

"கேட்டா ஸீல் இருக்குன்னு சொல்லு. ஸெஸ்ட்டுன்னு சொல்லித் தொலைக்காதே."

"ரெண்டும் ஒன்னுதானே மாமா?"

"எங்க ஒன்னு? ஸீலுன்னா ஒரே காரியத்துல வெறியா நிக்கிறது. சோறு தண்ணி ஞாபகம் வராது. ஸெஸ்ட்டுன்னா எதையும் ரசிச்சு, துள்ளிக்கிட்டுச் செய்யறது. மீ கோரெங் திங்கறப்ப உனக்கு வருதே, அது. கவர்மெண்டு அதுக்கா சம்பளம் குடுக்கும்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

தேர்வு நாளில் அப்பா, மாமா, நான் எல்லோருமே அறைக்குள் போய்விட்டோம். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதாவது கேட்டால் தாய்மாமா பதில் சொல்வது எங்கள் வழக்கம். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மேட்ரனையும் மாமா மாப்பிள்ளை வீட்டாராகவே பாவித்தார். இந்த வேலை எதற்கு என்று மேட்ரன் அக்காவைக் கேட்டதும், "அவளுக்கு ரொம்ப ஸீல், மேடம்" என்று மாமா முந்திக்கொண்டார். மேட்ரன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஸீல் இருக்கிறதா என்று தெரியாது, ஸெஸ்ட் நிச்சயமாக உண்டு என்றாள்.

"கெடுத்துட்ட லா, எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்று மாமா பஸ்ஸில் வழி நெடுகப் புலம்பினார்.

ஒரு மாதம் கடந்தது. பதில் இல்லை. தைப்பூசத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். தபால் பை வரும் நேரத்துக்கு அக்கா தினமும் எங்கள் தோட்ட ஆபீஸ் வாசலுக்குப் போனாள். பையைப் பிரித்துப் பார்த்த ஆபீஸ் கிராணி கையை விரித்த பிறகும், மழை பிடித்துக்கொண்ட பிறகும், அங்கேயே நின்றாள். வீட்டில் மீ கோரெங் ஆறிக் கிடந்தது. சிரிப்பும் நின்றுபோயிற்று. இருந்த ஸெஸ்ட்டும் போய்விட்டதே, மேட்ரன் திரும்பக் கூப்பிட்டால் எதைக் காட்டுவாள் என்று நான் பயந்தேன். சோறு தண்ணி மறந்து அவள் அங்கே நின்றதற்கு மாமா முன்பே பெயர் சொல்லியிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது, தைப்பூசத்துக்கு மறுநாள், தட்டு மாற்றுவதற்கு முன்பே.