கேட்டி கூலரில் நான் போட்ட 35.6

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விஜி ஆன்ட்டி போன் செய்தார். "கண்ணு, கூலர் பூரா மாவு பொங்கி வழியுது. வந்து பாரு" என்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு மூன்று வருட சர்வீஸ்தான். அட்வைஸ் எழுதுகிற வயசு இல்லை. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் இதே தப்பைச் செய்யப்போகிறீர்கள். அதனால் மூடிக்கொண்டு படியுங்கள்.

ஜாபர் அண்ணன் ஹூஸ்டனில் ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார். ரெஸ்டாரன்ட், மளிகைக்கடைகளில் இருக்கிற கூலர்களில், அதாவது பெரிய குளிர்பெட்டிகளில், டெம்பரேச்சர் சென்சார் மாட்டுவோம். உள்ளே சூடு ஏறினால் போனுக்கு மெசேஜாக அலாரம் போகும். விஜி ஆன்ட்டி பக்கத்து ஊரான கேட்டியில் கிச்சன் வைத்து, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். ஈரோட்டுக்காரர். அவரிடம் ஆறு வருடமாக வேலை பார்ப்பவர் ரோசா, மெக்சிகோவிலிருந்து வந்தவர். சாயங்காலம் கிச்சனைப் பூட்டுவது ரோசா என்பதால், அலாரமும் அவர் போனுக்கே போகும்படி வைத்திருந்தேன்.

நான் போய்ப் பார்த்தால் டப்பா மூடிகளெல்லாம் எகிறிக் கிடந்தன. ஷெல்ஃபிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே கூலர் ஃபேன் நின்றுவிட்டது. உள்ளே 61 ஃபாரன்ஹீட், அதாவது 16 செல்சியஸ். மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

ஆன்ட்டிக்கு அது பெரிதாகப் படவில்லை. "ஃபேன் போறது சகஜம், மெஷின்தானே. அலாரம் அடிச்சும் இவ கண்டுக்கலை பாரு, அதான் தாங்கல. இனிமே இவளை வெச்சுக்க முடியாது கண்ணு."

ரோசா சிங்க் பக்கத்தில் நின்றபடி போனை நீட்டினார். மெசேஜ் எதுவும் வரவில்லை என்றார். அழித்திருப்பாள் என்று ஆன்ட்டி பார்க்கவே இல்லை. தமிழ் தெரியாவிட்டாலும் பேச்சு எங்கே போகிறது என்று ரோசாவுக்குப் புரிந்துவிட்டது. ஆன்ட்டி என்னிடம் திரும்பினார். "நீயே சொல்லு. உன் சிஸ்டம் அனுப்பியிருக்கும்ல?"

அனுப்பியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மாட்டின அன்றே டெஸ்ட் செய்திருந்தேன். சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்த ஒரு நிமிடத்தில் ரோசாவின் போன் அடித்தது. இருந்தாலும் சிஸ்டம் அனுப்பியதையெல்லாம் பதிந்து வைக்கிற லாக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று லேப்டாப்போடு காரில் போய் உட்கார்ந்தேன்.

அனுப்பிய அலாரம்: பூஜ்யம்.

செட்டிங்கைத் திறந்தேன். சென்சார் கம்பெனி கொடுக்கிற ஷீட் முழுக்க செல்சியஸ். நம் கஸ்டமருக்கு ஃபாரன்ஹீட் வேண்டும். ஷீட்டில் இரண்டு எண்கள் இருந்தன: கூலர் இருக்க வேண்டியது 3 டிகிரி, அதற்கு மேல் 2 டிகிரி ஏறினால் அலாரம். நான் இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் போட்டேன். 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினால் 3 என்பது 37.4 ஆகும். சரி. 2 என்பது 35.6 ஆனது. அங்கேதான் கோட்டை விட்டேன். அந்த 2 கூலரின் சூடு இல்லை, எவ்வளவு ஏறலாம் என்கிற வித்தியாசம். வித்தியாசத்துக்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 கூட்டவே கூடாது. வர வேண்டியது வெறும் 3.6. அதாவது 37.4-ஓடு 3.6 சேர்ந்து 41-இல் அடித்திருக்க வேண்டிய அலாரம், என் புண்ணியத்தில் 35.6 சேர்ந்து 73 வரை சும்மா இருக்கும். 35.6 என்பது பார்க்கிறதுக்குக் கூலர் டெம்பரேச்சர் மாதிரியே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. என் உள்ளங்கைச் சூடு 73-ஐத் தாண்டியது. டெஸ்டும் பாஸ்.

ஜாபர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கையில புடிச்சா டெஸ்ட் பண்ணே? உன் கை என்ன கூலராடா?" என்றார். நீங்கள் ஆன்ட்டியிடம் பேசுகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். நம்பர் போட்டது நீதானே என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய், தமிழில் ஒரு தடவை, ரோசாவுக்காக இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னேன்.

"அப்ப இவளுக்கு மெசேஜே போகலையா?"

"போகலை ஆன்ட்டி. எழுபத்தி மூணு வந்தாத்தான் போகும். தப்பு என்னோடது."

ஆன்ட்டி ரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாகப் பேசிவிட்டேன், திங்கட்கிழமை எப்போதும் போல வா என்றார். ரோசா தலையாட்டினார். சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, சரியான நம்பரை இப்போதே போடு, நான் பார்க்க வேண்டும் என்றார்.

3.6 போட்டேன். ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் எடுத்து, சென்சாரையும் தெர்மாமீட்டரையும் அதில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். 40-இல் சத்தமில்லை. 42-இல் ரோசாவின் போன் அடித்தது. மெசேஜைப் படித்தார், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார், பிறகு தரை துடைக்கிற மாப்பை எடுத்தார். நானும் ஒன்றை எடுத்தேன்.

இப்போது எங்கே சென்சார் மாட்டினாலும் இந்த டெஸ்ட்தான். வரம்புக்கு ஒரு டிகிரி கீழே அடிக்கக் கூடாது, ஒரு டிகிரி மேலே அடித்தே ஆக வேண்டும். அதை நான் மட்டும் பார்த்தால் போதாது. அலாரம் யார் போனுக்குப் போகிறதோ, அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அங்கிருந்து கிளம்புகிறேன்.