ஃப்ளாப்பியில் வைத்த பொட்டு

“செருப்பை வெளியே விடவும்” என்று கம்ப்யூட்டர் லேப் வாசலில் நான் போர்டு மாட்டியது தூசிக்காக. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பிள்ளைகளோ லேபைச் சன்னதியாக்கிவிட்டார்கள். உள்ளே வந்ததும் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தட்டச் சொன்னால் மட்டும் கையை இழுத்துக்கொள்வார்கள்.

அதில் முதல் ஆள் இறுதியாண்டு சுடலைமுத்து. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவான். கல்லூரி நூலகப் புத்தகங்களைப் பட்டியல் போடும் புரோக்ராம்தான் அவன் புராஜெக்ட். தாளில் எழுதி, மனப்பாடச் செய்யுள் மாதிரி உருப்போட்டுவிடுவான். தட்டித் தருவது பக்கத்து சீட்டுக்காரன்.

“எதையாச்சும் அமுக்கி கெட்டுப்போச்சுன்னா, மேடம்?”

“ஏலே, அதென்ன பச்சப்பிள்ளையா? தப்பாத் தட்டுனா எர்ரர் காட்டும். திருத்து.”

திருத்தமாட்டான். எழுந்து நின்றுவிடுவான். எனக்குப் பொறுமை கிடையாது. கீபோர்டை இழுத்து நானே திருத்திக் கொடுத்துவிடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மானிட்டர்களுக்கு மாலை போட்டார்கள். புத்தகங்களோடு, புரோக்ராம் பதிந்த ஃப்ளாப்பிகளையும் அடுக்கிக் கும்பிட்டார்கள். விஜயதசமிக்கு மறுநாள் புராஜெக்டைப் பார்க்க எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வருகிறார். புராஜெக்ட் ஓடாவிட்டால் ஃபெயில். அதனால் லீவு நாளானாலும், விஜயதசமி காலையில் புனர்பூஜை முடித்துப் பூஜையில் வைத்ததை எடுத்ததும் ஓட்டிப் பார்க்க லேபைத் திறந்தேன்.

சுடலைமுத்துவின் ஃப்ளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று கத்தியது. உருவிப் பார்த்தேன். உறையில் நீளவாக்கில் திறந்திருக்கும் இடத்தில், சுழலும் தகட்டின் மேலேயே காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

“யாருலே வச்சது?”

“நாந்தான் மேடம். அங்கனதான் பொட்டு வைக்க எடம் இருந்துச்சு.”

ஹார்டு டிஸ்க் இல்லாத மெஷின்கள் அவை; எழுதியதெல்லாம் அந்த ஃப்ளாப்பியோடு போச்சு. இரண்டு ஃப்ளாப்பியில் காப்பி வையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டது? அவன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“அழுது என்ன ஆகப்போகுது? அதான் அம்புட்டும் மனப்பாடமா வச்சிருக்கியே. உக்காந்து தட்டு.”

பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தன் புராஜெக்டே தீராத கவலை. வேறு வழியில்லாமல் சுடலைமுத்து ஒற்றை விரலால் வரிவரியாகத் தட்டினான். மதியம் தாண்டி முடித்து ரன் கொடுத்தான். முதல் புத்தகத்தின் பெயரே திரும்பத் திரும்ப ஓடியது, நிற்கவேயில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தப் பிழையைப் போன மாதம் ஸ்கிரீனில் திருத்தியது நான். அவன் தாளில் அந்த வரி இல்லை, அதனால் மனப்பாடத்திலும் இல்லை. வழக்கம்போல என் கை கீபோர்டுக்குப் போனது.

“செத்த இருங்க மேடம்.”

அவன் என்னைத் தடுத்தது அதுதான் முதல் தடவை. ஸ்கிரீனையே பார்த்து முணுமுணுத்தான். “முத புஸ்தகத்துலயே நிக்கி... அடுத்ததுக்குப் போன்னு நாம சொல்லவே இல்லையே!” ஒரு வரியைச் சேர்த்தான். மறுபடி ரன். புத்தகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து ஒழுங்காக நின்றன.

“மேடம், இதுக்கு ஒண்ணுமே தெரியாது போலுக்கே! நாம சொன்னாத்தான் செய்யிது!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் பாஸ்.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு எர்ரர் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: கும்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் காப்பி எடுத்து வைத்துவிட்டுக் கும்பிடுங்கள். என்னை மாதிரி அவசரக்காரி யாராவது கீபோர்டை இழுத்தால், “செத்த இருங்க” என்று சொல்லிவிடுங்கள்.