புழு நுழையாத சேறு

எண்பதுகளில் திருவண்ணாமலையில் விளக்குகளுக்கு முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தேன். பின்னால் ஓடும் சாக்கடையில் சேறு அள்ள முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வருவார். முழங்கால்வரை கறுப்புச் சேறு. இடுப்பில் ஈரச் சாக்கு, அதற்குள் மண்புழுக்கள். பார்த்தாலே எனக்குக் குமட்டும். டீயைத் தனி டம்ளரில்தான் கொடுப்பேன்.

அள்ளிப்போட்ட சேற்றின் மேல் ஒரு புழுவை விடுவார். அது உள்ளே நுழைந்தால்தான் சேற்றை எருவுக்கு அனுப்புவார்.

ஒருநாள் பட்டறை வாசலுக்கே வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் புழு சுருண்டு கிடந்தது.

“மூணு வாட்டி விட்டேங்க. மூணு வாட்டியும் வெளிய வந்துடுச்சு. என்னங்க ஊத்துறீங்க?”

“முலாம் தொட்டித் தண்ணிதான். கைய அந்தாண்ட எடுய்யா.”

“ஜாஸ்தி ஊத்தாதீங்க. இந்தத் தண்ணி கோரைப் பள்ளம் தாண்டி கீரைப் பாத்திக்குத்தான் போவுது.”

மதியம் சாப்பாட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்தால் முளைக்கீரைக் கூட்டு. அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். சாயங்காலம் தொட்டித் தண்ணீரையும் வழக்கம்போல் அதிலேயே திறந்துவிட்டேன்.

மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் அதே இடத்தில் இன்னொரு புழுவை விட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.