‘நெவர் மைண்ட்’ என்றால் ‘வா’ இல்லை

போன ஞாயிறு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணாச்சி. நாஞ்சில் நாட்டுக்காரர். சாலை பஜாரில் ஒரு கடையில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். பேப்பரில் எழுதுகிற ஆளாச்சே, ஒரு மெசேஜைப் படித்துச் சொல்லும் என்று செல்போனை நீட்டினார்.

மஸ்கட்டிலிருந்து மகள் சுபா போன மாதம் அனுப்பியது. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்பது தெருவுக்கே தெரியும். புருஷன் பக்கத்தில் இருந்தால் அவளால் போனில் பேச முடியாது, எழுதத்தான் முடியும். எதில் எழுதுவாள்? இந்த மலையாள ஊர் ஸ்கூலில் படித்தது மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் வாசிக்க வராது. அண்ணாச்சிக்கோ மலையாளம் பேச்சோடு சரி. ஆக, வாய் நிறையத் தமிழ் பேசுகிற அப்பாவும் மகளும் எழுத்தில் மட்டும் இங்கிலீஷ்காரர்கள்!

‘இட் கிராஸ்டு மை மைண்ட் டு கம் ஹோம் ஃபார் குட். டூ யூ மைண்ட்?’ ஒரேயடியாக வீட்டுக்கே வந்துவிடலாமா என்று தோன்றியது, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்கிறாள்.

கிராஸ்டு மை மைண்ட்... இங்கிலீஷில் நினைப்புகூட ரோட்டைக் கடக்கிற ஆள் மாதிரி சும்மா குறுக்கே போகும். அந்தப் பெண் எத்தனை நாள் அழுதாளோ. எழுதும்போது அது போகிற போக்கில் வந்த யோசனை ஆகிவிட்டது. என்ன பாஷை ஐயா இது?

அதற்கு அண்ணாச்சி போட்ட பதில் — ‘நெவர் மைண்ட்.’

“கவலைப்படாதே, வான்னுதானே அதுக்கு அர்த்தம்? மாடி ரூமுக்கு பெயிண்ட்கூட அடிச்சாச்சு. ஒரு மாசமா போன் எடுக்க மாட்டேங்கா. அவளுக்கு மனசிலாவலையா?”

இந்த ஊரில் எங்களுக்குப் புரிவது என்றாலே மனசிலாவதுதான். எப்படிச் சொல்வது? சொல்லித்தானே ஆகவேண்டும்... ‘அந்தப் பேச்சை விடு’ என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள் என்றேன். மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போனில் நானே ‘கம் ஹோம்’ என்று டைப் பண்ணி அனுப்பினேன். அதைவிட எளிய இங்கிலீஷ் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பதில் வந்தது. ‘ஐ சேஞ்ச்டு மை மைண்ட், அப்பா.’

மனசை மாற்றிக்கொண்டாளாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

“அப்போ அங்கே எல்லாம் சரியாச்சுன்னு சொல்லுதாளா?”

‘மனசு விட்டுப்போச்சு’ என்பதுதான் அதற்குச் சரியான தமிழ். அதை அவரிடம் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.